ஃபத்வா முந்தியது, சட்டம் பிந்தியது, உறுப்பு வரவில்லை: எகிப்து குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1959இல் எகிப்தின் தலைமை முஃப்தி ஹசன் மஃமூன், இறந்தவரின் கருவிழியை எடுத்துப் பார்வையற்றவருக்குப் பொருத்துவது ஷரீஅத்தின்படி கூடும் என்று ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்பு, கொடுத்தார். அவருக்குப் பின் வந்த அஹ்மத் ஹுரைதி 1966இல் அந்த அனுமதியை மற்ற உறுப்புகளுக்கும் விரித்தார். 1979இல் ஜாதுல் ஹக், உயிரோடிருப்பவர் தன் உடலுக்குத் தீங்கு வராத அளவில் உறுப்பு கொடுக்கலாம், இறந்தவரிடமிருந்தும் எடுக்கலாம் என்றார். இப்படி மூன்று முஃப்திகள் மூன்று முறை வாசலைத் திறந்துவிட்ட நாட்டில், உறுப்பு மாற்றுக்கென ஒரு முழுச் சட்டம் 2010 பிப்ரவரியில்தான் நாடாளுமன்றத்தைத் தாண்டியது. முதல் ஃபத்வாவிலிருந்து எண்ணினால் 51 ஆண்டு. சட்டம் வந்து பத்தாண்டு கடந்த பிறகும், மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுத்துப் பொருத்தும் திட்டம் அங்கே வேர்பிடிக்கவில்லை.

இஸ்லாம் தடுக்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர் கையில் தயாராக இருக்கும் விளக்கம். செங்கடலுக்கு அக்கரையிலேயே அது பொய்த்துப்போகிறது. சவூதி அரேபியாவின் மூத்த உலமா (மார்க்க அறிஞர்) சபை 1982இல் அனுமதி கொடுத்தது. 1984இல் தேசிய ஒருங்கிணைப்பு அமைப்பு பிறந்தது. அன்று முதல் மூளைச்சாவு அடைந்தவர்களின் சிறுநீரகம், கல்லீரல், இதயம் அங்கே பொருத்தப்பட்டு வருகின்றன. இரு நாட்டிலும் பெரும்பான்மை சுன்னி முஸ்லிம்கள். ஓதும் வேதமும் ஒன்று. அப்படியானால் எகிப்தில் எங்கே முட்டியது?

மார்க்கத் தீர்ப்புகளில் உள்ள சிறு இடைவெளி

உறுப்பு தானத்துக்கு எதிராகச் சொல்லப்படும் மார்க்க வாதங்கள் இரண்டு. உடல் அல்லாஹ்வின் அமானத், அதாவது அவன் ஒப்படைத்த பொருள், மனிதன் அதற்குச் சொந்தக்காரன் அல்லன், சொந்தமில்லாததைக் கொடுக்க முடியாது என்பது முதல் வாதம். மய்யித்தின், அதாவது இறந்த உடலின், எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்ற நபிமொழி இரண்டாவது. எதிர்ப்பக்கம் நிற்பது, ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவர் போலாவார் என்ற குர்ஆனின் ஐந்தாம் அத்தியாய வசனமும், நிர்ப்பந்தம் தடுக்கப்பட்டதை அனுமதிக்கும் என்ற ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்டவியல்) விதியும். பெரும்பாலான ஃபிக்ஹு சபைகள் இரண்டாம் பக்கமே சாய்ந்தன. எனவே 'கொடுக்கலாமா' என்ற கேள்வி 1980களிலேயே ஏறக்குறைய முடிந்துபோன கேள்வி.

முடியாமல் நின்றது 'எப்போது இறந்தார்' என்ற கேள்வி. இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் ஃபிக்ஹு சபை 1986 அக்டோபரில் அம்மானில் கூடியது. இதயமும் மூச்சும் முற்றாக நின்று இனி மீளாது என்று மருத்துவர் தீர்மானித்தாலும், மூளையின் எல்லாச் செயல்களும் முற்றாக நின்று இனி மீளாது, மூளை சிதையத் தொடங்கிவிட்டது என்று நிபுணர்கள் தீர்மானித்தாலும், இரண்டில் எது நடந்தாலும் அவர் இறந்தவரே என்று முடிவெடுத்தது. ஓராண்டு கழித்து, 1987இல், மக்காவில் உலக முஸ்லிம் லீக்கின் ஃபிக்ஹு சபை கூடியபோது சுருதி மாறியது. மூளை முற்றாகச் செயலிழந்தவரின் சுவாசக் கருவியை எடுத்துவிடலாம். ஆனால் கருவியை எடுத்தபின் மூச்சும் இதயமும் தாமாக நின்றால்தான் அவர் இறந்தவர் என்றது மக்கா.

காகிதத்தில் இது ஒரு வாக்கிய வித்தியாசம்தான். அறுவை அரங்கில் அதுவே எல்லாமும். அம்மான் முடிவின்படி இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே, இரத்த ஓட்டத்தில் இருக்கும் உறுப்பை எடுக்கலாம். மக்கா முடிவின்படி கருவியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். அந்த நிமிடங்களில் உறுப்புகளுக்கு ஆக்ஸிஜன் இல்லை. சிறுநீரகம் ஓரளவு தாங்கும். கல்லீரலின் பித்தநாளங்கள் கெடத் தொடங்கும். அக்காலத் தொழில்நுட்பத்தில் இதயத்தை மறந்துவிட வேண்டியதுதான். இரண்டு முடிவுமே உறுப்பு தானத்தை ஆதரிப்பவைதாம் என்பதால் வெளியிலிருப்போர் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதே இல்லை. மூளைச்சாவை எதிர்த்த எகிப்திய மருத்துவர்கள் இந்தப் பிளவில்தான் காலூன்றினார்கள்.

1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய ஃபிக்ஹு சபையின் தீர்மானத்திலும் இதுபோல் ஒரு விரிசல் உண்டு. உறுப்பை விற்பது எந்நிலையிலும் கூடாது என்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டு, வேறு வழியில்லாத நோயாளி உறுப்பைப் பெறப் பணம் செலவிடுவதும், கொடுத்தவருக்குச் சன்மானமாகத் தருவதும் இஜ்திஹாதுக்கு, அதாவது அறிஞர் ஆய்வுக்கு, உரியவை என்று விட்டுவிட்டது. விற்றவன் மாட்டுவான், வாங்கியவனைப் பற்றி யோசிக்கலாம் என்று தரகர் இதைப் படித்துக்கொள்வதில் வியப்பில்லை.

படுக்கையருகே நடக்க வேண்டியது

மூளைச்சாவை உறுதிசெய்வது அபிப்பிராயம் சொல்வதல்ல, வரிசையாகச் செய்து முடிக்க வேண்டிய வேலை. எகிப்திய விவாதத்தில் மிகவும் குழப்பப்பட்ட இடமும் இதுவே என்பதால் அந்த வரிசையைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் காரணம் தெரிந்திருக்க வேண்டும்: தலைக்காயம், மூளையில் இரத்தக்கசிவு, நெடுநேர ஆக்ஸிஜன் இழப்பு இவற்றில் ஒன்று, ஸ்கேனில் கண்ணுக்குத் தெரியும்படி. காரணம் தெரியாத கோமாவில் சோதனையைத் தொடங்கவே கூடாது. அடுத்து, மூளைச்சாவைப் போலவே தோற்றம் காட்டுபவற்றை ஒதுக்க வேண்டும். உடல் வெப்பம் 36 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. மேல் இரத்த அழுத்தம் 100க்குக் கீழே இருக்கக் கூடாது. மயக்க மருந்து, தசை தளர்த்தி, பார்பிட்யூரேட் எதுவும் உடலில் மிஞ்சியிருக்கக் கூடாது. சோடியமும் சர்க்கரையும் தாறுமாறாக இருக்கக் கூடாது. வலிப்புக்காக ஃபீனோபார்பிடோன் ஏற்றப்பட்டவருக்கு அந்த மருந்து வடிய நாட்கணக்காகும். இதைப் பொறுக்காமல் சோதித்தால் முடிவு செல்லாது.

பிறகு மூளைத்தண்டு அனிச்சைகள். கண்பாவை ஒளிக்குச் சுருங்குகிறதா, கருவிழியைத் தொட்டால் இமைக்கிறாரா, காதுக்குள் 50 மில்லி பனிநீர் செலுத்தினால் கண் அசைகிறதா, மூச்சுக்குழலில் குழாய் விட்டு உறிஞ்சினால் இருமுகிறாரா, புருவ மேட்டில் அழுத்தினால் முகம் சுளிக்கிறாரா. எதுவுமே இல்லையென்றால் கடைசியாக மூச்சுச் சோதனை. 100 விழுக்காடு ஆக்ஸிஜனைப் பத்து நிமிடம் கொடுத்துவிட்டு, சுவாசக் கருவியைக் கழற்றி, மெல்லிய குழாய் வழியே நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்ஸிஜனை மூச்சுக்குழலின் கிளை வரை செலுத்தியபடி, மார்பையும் வயிற்றையும் திறந்து வைத்து 8 முதல் 10 நிமிடம் பார்க்க வேண்டும். இரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு அழுத்தம் 60ஐத் தாண்டியும் ஒரு மூச்சு வரவில்லை என்றால் மூச்சு மையம் இறந்துவிட்டது. இடையில் அழுத்தம் சரிந்தாலோ ஆக்ஸிஜன் அளவு விழுந்தாலோ உடனே கருவியை மாட்டிவிட்டு, மூளைக்கு இரத்தம் செல்கிறதா என்று பார்க்கும் துணைச் சோதனைக்குப் போக வேண்டும்.

சவூதி நெறிமுறை பெரியவர்களுக்கு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கச் சொல்கிறது, அதோடு மூளை மின்னலைப் பதிவையும் கேட்கிறது. மருத்துவப்படி இந்த மின்னலைப் பதிவு தேவைதானா என்று வாதிடலாம். ஆனால் காகிதத்தில் நேர்க்கோடாக ஓடும் பதிவைக் காட்டி உலமாவிடமும் உறவினரிடமும் பேசுவது எளிது. அந்தக் கோடு பாதி மருத்துவத்துக்கு, பாதி மனிதர்களுக்கு.

பிசகுவது எங்கே? தண்டுவட அனிச்சைகளில். மூளை முற்றாக இறந்தவரின் விரல் அசையலாம், கால் இழுக்கலாம், அரிதாக இரு கையும் மார்பை நோக்கி எழலாம். தண்டுவடத்தின் வேலை அது. முன்கூட்டிச் சொல்லப்படாத மகன் அதைப் பார்த்துவிட்டால் அந்தக் குடும்பம் மட்டுமல்ல, அந்த ஊரே இனி மருத்துவரை நம்பாது. அடுத்த பிசகு சொற்களில். 'மூளை இறந்துவிட்டது, ஆனால் கருவியால் உயிரோடு வைத்திருக்கிறோம்' என்று சொல்லும் மருத்துவர், ஒரே வாக்கியத்தில் இறந்தார் என்றும் உயிரோடிருக்கிறார் என்றும் சொல்லிவிடுகிறார். உயிரோடிருப்பவரின் இதயத்தை எடுக்கச் சம்மதம் கேட்பதாகக் குடும்பம் புரிந்துகொண்டால் குற்றம் குடும்பத்துடையதல்ல.

நம்பிக்கை எங்கே கசிந்தது

1980களின் இறுதியில், எகிப்தியர் வீடுதோறும் விரும்பிக் கேட்ட தொலைக்காட்சி உரையாளர் ஷைக் முதவல்லி ஷஅராவி, உடல் மனிதனுக்குச் சொந்தமல்ல, ஆகவே தானமும் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் முஃப்தி அல்லர். அவர் சொன்னதற்கு ஃபத்வா என்ற அதிகார முத்திரையும் இல்லை. முஃப்தியாகவும் பிறகு அல் அஸ்ஹர் என்னும் இஸ்லாமியக் கல்வி நிலையத்தின் ஷைக்காகவும் (தலைவராகவும்) இருந்த முஹம்மது சையித் தன்தாவி வெளிப்படையாகவே தானத்தை ஆதரித்தார். ஆனால் தன்தாவி அரசு நியமித்தவர். ஷஅராவி மக்கள் தாமாக ஏற்றவர். எது எடுபட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவர்களுக்குள்ளேயும் ஒருமித்த கருத்து இல்லை. கெய்ரோ பல்கலைக்கழக மயக்கவியல் பேராசிரியர் சஃப்வத் லுத்ஃபி மூளைச்சாவை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் எழுதினார், பேசினார். உடல் வெதுவெதுப்பாக, இதயம் துடித்தபடி, சிறுநீர் பிரிந்தபடி இருப்பவரைப் பிணம் என்று எப்படிச் சொல்வது என்பது எதிர்த்தவர்களின் வாதம். அதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட்டது ஆதரவாளர்கள் செய்த தவறு. மூளைச்சாவு என்பது மரணத்தின் வரையறையா, உறுப்புத் தேவைக்காகச் செய்துகொண்ட ஏற்பாடா என்பது மேற்கு நாட்டுத் தத்துவவாதிகளிடையே இன்றுவரை ஓடும் விவாதம். ஓர் எகிப்தியர் கேட்டால் மட்டும் அது மூடநம்பிக்கை ஆகிவிடுமா?

ஆனால் தெருவில் இருந்தவருக்கு இந்தத் தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. அவர் கண்டது வேறு. 1950களிலிருந்து 1980கள் வரை, நைல் கரைக் கிராமங்களில் நத்தைக் காய்ச்சல் எனப்படும் சிஸ்டோசோமியாசிஸை ஒழிக்க அரசே முகாம் போட்டு ஊசி ஏற்றியது. ஊசிகள் சரியாகக் கொதிக்கவைக்கப்படாமல் ஒருவர் மாற்றி ஒருவருக்குப் போடப்பட்டன. ஹெபடைடிஸ் சி வைரஸ் ஊர் ஊராகப் பரவியது. அந்த நோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்பட்ட நாடுகளில் ஒன்றாக எகிப்து ஆனது. முப்பது வருடம் கழித்து அதே கிராமத்தார் ஈரல் கெட்டுப் போய் நின்றபோது, உறுப்பு வேண்டுமா என்று கேட்டதும் அதே அரசுதான்.

கண்கள் விஷயமும் உண்டு. கண் வங்கிகளுக்காக 1962இல் போடப்பட்ட 103ஆம் எண் சட்டம், பிரேதப் பரிசோதனைக்கு வரும் உடல்களிலிருந்து கண் எடுக்க இடம் கொடுத்தது. பிணவறைக்கு யாருடைய உடல் வரும்? தனியார் மருத்துவமனையில் இறப்பவருடையது அங்கே வராது. 1990களில் அரசு மருத்துவமனைப் பிணவறைகளில் கேட்காமல் கண் எடுக்கப்படுகிறது என்று பத்திரிகைகள் எழுதின. 2018இல் மறுபடி ஒரு குடும்பம், தங்கள் மய்யித்தின் கருவிழி கேட்காமல் எடுக்கப்பட்டதாகப் புகார் செய்தது. சட்டம் இடம் தருகிறது என்பதே பதிலாக வந்தது. சட்டப்படி பதில் சரியாகவே இருக்கலாம். மய்யித்தைக் குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, முகம் பார்க்க எல்லோரும் கூடும் ஜனாஸாவில், அதாவது இறுதிச் சடங்கில், உறவினர் காண்பது சட்டப் பிரிவை அல்ல.

இங்கேதான் இந்த ஆய்வின் மையம் இருக்கிறது. 'அவர் உண்மையில் இறந்துவிட்டாரா' என்று எகிப்தியர் கேட்டபோதெல்லாம், அதற்குள் 'யாருடைய உறுப்பு யாருக்குப் போகும்' என்ற கேள்வி ஒளிந்திருந்தது. முதல் கேள்விக்கு ஃபத்வாவும் சோதனைப் பட்டியலும் பதில் சொன்னன. இரண்டாவதற்கு யாருமே பதில் சொல்லவில்லை.

5ஆம் எண் சட்டத்தை வரிக்கு வரி படித்தால்

2010ஆம் ஆண்டின் 5ஆம் எண் சட்டம் நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. விற்பனையைத் தடைசெய்கிறது. எகிப்தியரிடமிருந்து வெளிநாட்டவருக்கு உறுப்பு போவதைத் தடுக்கிறது. கணவன் மனைவிக்கு விலக்கு உண்டு, ஆனால் திருமணமாகி மூன்றாண்டு கடந்திருக்க வேண்டும். சிறுநீரகத்துக்காக நடக்கும் போலி நிக்காஹ்களை அடைக்கும் ஏற்பாடு அது. உயிருள்ளவர் உறவினருக்கே கொடுக்கலாம்; உறவில்லாதவருக்கென்றால் தனிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சிறார் உறுப்பைத் தொடக் கூடாது. வம்சாவளி கலக்கும் இனப்பெருக்க உறுப்புகளுக்கும் செல்களுக்கும் இடமில்லை. 1990இல் ஃபிக்ஹு சபை சொன்னதன் நேரடி எதிரொலி இது. காத்திருப்போர் வரிசையில் பணம் கட்ட இயலாதவர் என்பதற்காக ஒருவரைப் பின்னுக்குத் தள்ளக் கூடாது.

சட்டத்தின் 14ஆம் பிரிவில் சிக்கல் தொடங்குகிறது. இறந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்க, 'இனி உயிருக்குத் திரும்புவது இயலாது என்னும்படி உறுதியாக' மரணம் நிரூபிக்கப்பட வேண்டும். மூளை நரம்பியல், இதயவியல், மயக்கவியல் அல்லது தீவிர சிகிச்சை ஆகிய மூன்று துறை நிபுணர்கள் ஒருமனதாக முடிவெடுக்க வேண்டும். 'மூளைச்சாவு' என்ற சொல் அங்கே இல்லை. இரு தரப்பையும் சமாதானப்படுத்த வேண்டுமென்றே விடப்பட்ட மௌனம் அது. சட்டமன்றத்தில் அந்த மௌனம் வாக்குகளைச் சேர்த்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் அதுவே ஆளை விலக வைத்தது. நாளை ஒரு வழக்கு வந்தால், துடிக்கும் இதயத்தோடிருந்தவர் 'உறுதியாக' இறந்துவிட்டார் என்று தான் இட்ட கையெழுத்துக்கு எந்த வரி துணை நிற்கும் என்று அந்த மருத்துவர் யோசிப்பார். யோசித்தவர் கையெழுத்திடுவதில்லை. மூவரில் ஒருவர் பின்வாங்கினாலே போதும், ஒருமனம் போய்விடும்.

எழுத்துச் சம்மத நிபந்தனை இதைவிடச் சத்தமில்லாமல் திட்டத்தை நிறுத்தியது. இறந்தவர் தன் வாழ்நாளிலேயே பதிவுசெய்யப்பட்ட வஸிய்யத்திலோ (உயிலிலோ) அதிகாரபூர்வ ஆவணத்திலோ சம்மதம் சொல்லியிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் விபத்தில் தலை அடிபட்டு வரும் 22 வயது இளைஞர் பதிவு அலுவலகத்துக்குப் போய் வஸிய்யத் எழுதி வைத்திருப்பாரா? அவருடைய தந்தை மனமுவந்து கொடுக்க முன்வந்தாலும் சட்டம் தந்தையைக் கேட்பதில்லை. கேட்காமல் கண் எடுத்த காலத்தின் மறுகோடி இது. அன்று பிணவறையில் யாருடைய சம்மதமும் வேண்டியதில்லை என்றிருந்தது. இன்று தீவிர சிகிச்சையில் யாராலும் தர இயலாத சம்மதம் வேண்டியிருக்கிறது. சவூதியில் வாரிசுகளின் சம்மதம் போதும். ஈரானின் 2000ஆம் ஆண்டுச் சட்டம் வஸிய்யத் அல்லது வாரிசு, இரண்டில் எதுவானாலும் ஏற்கிறது.

உயிரோடிருப்பவர் மீது விழும் பாரம்

மய்யித்திலிருந்து வராத உறுப்பு உயிருள்ளவரிடமிருந்து வந்தாக வேண்டும். 1976இல் மன்சூராவில் டாக்டர் முஹம்மது குனைம் தலைமையில் தொடங்கிய சிறுநீரக மாற்று, இன்றும் உயிருள்ளவர் தானத்தை நம்பியே நடக்கிறது. 2001 முதல் கல்லீரலும் அப்படியே. உலகின் பெரிய உயிருள்ளோர் கல்லீரல் தானத் திட்டங்களில் ஒன்று எகிப்தில் வளர்ந்தது பெருமைக்குரிய திறமை. அதன் விலையையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

சிறுநீரகம் கொடுப்பவர் அறுவையில் இறக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் மூன்று அளவில். கல்லீரலின் வலது மடலைக் கொடுப்பவருக்கு அது ஆயிரத்தில் இரண்டு முதல் ஐந்து வரை, பல மடங்கு அதிகம். பெரியவர் ஒருவருக்குப் பெறுபவரின் உடல் எடையில் குறைந்தது 0.8 விழுக்காடு எடையுள்ள துண்டு வேண்டும். 80 கிலோ ஆளுக்கு 640 கிராம். அதற்காகக் கொடுப்பவரின் ஈரலில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை வெட்டியெடுக்க நேரும். மீதி 30 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அவருக்கே ஈரல் செயலிழக்கும். தீங்கு செய்யாதே என்ற ஃபிக்ஹு விதிக்கும் அறுவை நிபுணரின் அளவுகோலுக்கும் இடையே இந்த மீதிச் சதவீதம்தான் பாலம். 'தனக்குத் தீங்கு வராத அளவில்' என்று 1979இல் முஃப்தி சொன்னதற்கு இன்று ஒரு எண் இருக்கிறது.

குடும்பத்துக்குள் அழுத்தம் பேசாமல் வரும். திருமணமாகாத தங்கை, வேலையில்லாத தம்பி, எதையும் மறுக்காத தாய் இவர்கள் பக்கம் எல்லோர் கண்ணும் திரும்பும். இன்னொரு புறம், பிள்ளையின் சிறுநீரகத்தை எனக்கு வைக்காதீர்கள் என்று டயாலிசிஸிலேயே இருந்துவிடும் பெற்றோரும் உண்டு. கொடுப்பவரைத் தனியே, குடும்பம் அறைக்கு வெளியே நிற்கும்போது, மாற்றுக் குழுவில் இல்லாத மருத்துவர் சந்திக்க வேண்டும். அவர் மறுத்தால் 'இரத்தக் குழாய் அமைப்பு பொருந்தவில்லை' போன்ற பொதுவான காரணத்தைக் குடும்பத்திடம் சொல்லிவிட வேண்டும். பொய்யாயிற்றே என்று தயங்குவோர் உண்டு. இது மருத்துவ இரகசியத்தைக் காப்பதே என்பது இந்த ஆய்வின் முடிவு. மறுக்க வழியில்லாத சம்மதம் சம்மதமே அல்ல.

உறவில் பொருந்துபவர் இல்லாதபோது தரகர் வருகிறார். எகிப்தின் ஏழைகளும், கெய்ரோவில் தஞ்சமடைந்த சூடானியர், எரித்திரியர் போன்றோரும் அவர் தேடும் ஆட்கள். 2016 டிசம்பரில் மருத்துவர்கள், செவிலியர், பேராசிரியர், தரகர் என 45 பேர் கைதானார்கள். 2018இல் 37 பேருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. இடையில் 2017இல் சட்டத்தைத் திருத்தி, தண்டனையை ஆயுள் வரையும் அபராதத்தை 20 லட்சம் பவுண்டு வரையும் உயர்த்தினார்கள். தண்டனை தேவைதான். ஆனால் காத்திருக்கும் நோயாளிக்குச் சட்டப்படி வேறு வாசல் திறக்காதவரை, தண்டனை கூடக்கூடத் தரகரின் விலையும் கூடும்.

ஈரான் காட்டிய வேறொரு கணக்கு

அரபு நாடல்லாத, ஷியாப் பெரும்பான்மை கொண்ட ஈரான் 1988இல் வாசலைச் சட்டப்படியே திறந்தது. சிறுநீரகம் கொடுப்பவருக்கு அரசு ஒரு தொகையும் ஓராண்டு மருத்துவக் காப்பீடும் தரும். நோயாளிகள் சங்கம் இருவரையும் இணைக்கும். மேல்தொகையைப் பெறுபவர் பேசிக் கொடுப்பார். தரகருக்கும் வெளிநாட்டவருக்கும் இடமில்லை. 1999க்குள் காத்திருப்பு வரிசை தீர்ந்துவிட்டது என்று திட்டத்தை நடத்தியவர்கள் அறிவித்தார்கள். அதே காலத்தில் கெர்மான்ஷாவில் சிறுநீரகம் விற்ற 300 பேரிடம் விசாரித்த ஆய்வில், மறுவாய்ப்புக் கிடைத்தால் விற்கவே மாட்டோம் என்றவர்கள் மிகப் பெரும்பான்மை. அரசுத் தொகையைப் பணவீக்கம் தின்றது; பேரம் பேசும் பங்கு வளர்ந்தது. மருத்துவமனைச் சுற்றுச் சுவர்களில் இரத்த வகையும் தொலைபேசி எண்ணும் எழுதப்பட்டன.

அதைவிடக் குறைவாகப் பேசப்படும் மறுபாதி: 1989இல் ஈரானின் உச்சத் தலைவர் கொமெய்னி மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பெடுக்க அனுமதித்தார். 2000இல் சட்டம் வந்தது. நரம்பியல், நரம்பு அறுவை, பொது மருத்துவம், மயக்கவியல், தடயவியல் மருத்துவம் ஐந்தும் கையெழுத்திட வேண்டும். மய்யித்தைக் கீறினால் தியா, அதாவது ஈட்டுப்பணம், கட்ட வேண்டுமா என்ற ஷியா ஃபிக்ஹுச் சிக்கலையும் அந்தச் சட்டம் நேரே தொட்டு, மாற்றுக் குழு மருத்துவருக்கு விலக்கு கொடுத்தது. எகிப்து மௌனம் காத்த இடத்தில் ஈரான் சொல்லை எழுதியது. ஷிராஸ் நகரம் கல்லீரல் மாற்றில் உலகப் பெரிய மையங்களில் ஒன்றானதற்கு அந்தக் கையெழுத்துகளின் பாதுகாப்பும் ஒரு காரணம்.

வளைகுடாவும் நம் ஊர்த் தொலைபேசியும்

1980களில் வளைகுடா நோயாளிகள் சிறுநீரகம் வாங்க வந்த இடம் இந்தியா. அமீரகம், ஓமான் நாட்டினர் 130 பேர் பம்பாயில் வாங்கிப் பொருத்திக்கொண்டதைப் பற்றி 1990இல் வெளியான ஆய்வு, கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் முதலாண்டிலேயே இறந்ததையும், சிலருக்கு எச்ஐவி தொற்றியதையும் பதிந்தது. சென்னையின் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்ற பெயர் ஒட்டியதும் அந்த வியாபாரக் காலத்தில்தான். இந்தியாவின் 1994 சட்டம் கதவைச் சாத்த முயன்றது.

இன்று போக்கு திரும்பியிருக்கிறது. வளைகுடாவில் மூளைச்சாவு அடைந்து உறுப்பு கொடுப்பவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர் பங்கு பெரிது. கட்டடத்திலிருந்து விழுந்தவர், சாலையில் அடிபட்டவர், இரத்தக் கொதிப்பைக் கவனிக்காமல் மூளையில் கசிந்தவர். பெரும்பாலும் இளம் வயது, அதனால் நல்ல உறுப்புகள். சம்மதம் கேட்டுத் தொலைபேசி அடிப்பது கேரளத்திலோ தமிழகத்திலோ வங்கதேசத்திலோ உள்ள வீட்டில்.

அந்த அழைப்பு கெட்டுப்போகும் விதங்கள் தெரிந்தவையே. மரணச் செய்தியும் தானக் கோரிக்கையும் ஒரே அழைப்பில் வந்துவிடும். அரபியோ ஆங்கிலமோ பேசும் மருத்துவருக்கும் மனைவிக்கும் நடுவே கம்பெனியின் மேற்பார்வையாளர் மொழிபெயர்ப்பாளராவார். அவருடைய அக்கறை கோப்பை முடிப்பது. மனைவியைக் கேட்காமல் அங்கேயே வேலைசெய்யும் மைத்துனர் சரி என்றுவிடுவார். விபத்தென்றால் காவல்துறை, தடயவியல் அனுமதி வேறு. பிறகு இறப்புச் சான்று, தூதரகத் தடையின்மைச் சான்று, கடவுச்சீட்டு ரத்து, உடலைப் பதப்படுத்தல், விமானப் பெட்டி.

உடலை ஊருக்கு அனுப்பும் செலவை உறுப்பு தானத் திட்டமே ஏற்பது வளைகுடாவில் வழக்கத்தில் உண்டு. அது நன்றிக்கடனா, விலையா? கம்பெனி கொடுக்க வேண்டிய செலவு அது என்பது வீட்டாருக்குத் தெரியாதபோது, 'சம்மதித்தால் உடல் சீக்கிரம் வரும்' என்ற வாக்கியம் நிபந்தனையாகவே காதில் விழும். எனவே வரிசை முக்கியம்: முதலில் மரணச் செய்தி, கம்பெனியைச் சேராத தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வழியே. தானம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உடல் வரும், செலவு யாருடையது என்பது அடுத்து. சில மணி நேரம் கழித்து, தனி அழைப்பில்தான் தானம். ஜனாஸாவை விரைந்து அடக்க விரும்பும் குடும்பமானால் உறுப்பெடுக்க ஒரு நாளுக்கு மேலாகலாம் என்பதையும், உடல் தைத்துச் சீராகவே ஒப்படைக்கப்படும், குளிப்பாட்டக் குறையிருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சம்மதத்தை வாரிசின் சொந்த மொழியில், குரல் பதிவோடு எடுக்க வேண்டும்.

இதோடு கேட்க வேண்டிய இன்னொன்று உண்டு: அந்தத் தொழிலாளியின் சிறுநீரகம் பழுதானால் அதே நாட்டின் வரிசையில் அவர் பெயர் ஏறுமா? கத்தார் 2010இல் தொடங்கிய தோஹா தான ஒப்பந்தம், நாட்டில் சட்டப்படி வசிக்கும் எவரும் எந்த நாட்டவரானாலும் ஒரே வரிசையில் நிற்கலாம் என்றது. எகிப்தின் பிணவறைகள் முன் கேட்கப்படாமல் கேட்கப்பட்ட கேள்விக்கு, ஓர் அரபு நாடு வரிசைப் பட்டியலில் எழுதிக் கொடுத்த பதில் அது.